நிலக் கணக்கும் நெஞ்சுச் சளியும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரி சனங்களைப் போல ஆராய்ச்சி செய்யப்பட்டவர்கள் தமிழ்நாட்டில் வேறு யாராவது இருப்பார்களா என்பது சந்தேகம்தான். 1891இல் வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தார். குடிசை, கஞ்சி, கடன், அடிமைச் சீட்டு என்று எழுதிக்கொண்டு போனார். 1968இல் டாக்டர்கள் ஜீப்பில் வந்தார்கள். எத்தனை கை, எத்தனை மில்லிமீட்டர் வீக்கம், எத்தனை நெஞ்சில் நிழல் என்று எழுதிக்கொண்டு போனார்கள். எழுதியதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எழுதாமலே விடப்பட்ட கொடுமை நமக்கு அதைவிட அதிகம். என் பிரச்சினை வேறு. முதல் எழுத்து வருவாய்த்துறை ஆவணங்களில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது எழுத்து மருத்துவ நூலகத்தில் போய்ச் சேர்ந்தது. ரெண்டு கட்டையும் ஒரே மேசைமேல் அவிழ்த்து வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் படித்தவர்களுக்கு ஏன் வராமல் போனது?

இதைத்தான் நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டேன். படித்தது பொருளாதாரம். ஆய்வுத் திட்டத்தைக் குழுவின் முன்னால் வைத்த நாளில் ஒரு பேராசிரியர் கேட்டார்: "இது எகனாமிக்ஸா, மெடிசினா? மொதல்ல அத முடிவு பண்ணிட்டு வாங்க." இன்னொருவர் கொஞ்சம் நயமாகக் கேட்டார்: "டி.பி. கிருமிக்கு சாதி தெரியுமாம்மா?" சிரித்தார்கள். கிருமிக்குத் தெரியாது சார், ஆனா கிருமி போய் உட்கார்ற நெஞ்சு எந்தத் தெருவுல இருக்குதுன்னு ஊருக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையெழுத்து வேண்டுமே. பெயர்களை எழுதுவதால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர்கள் கேட்டது அவர்கள் மட்டும் கேட்ட கேள்வியல்ல. நூறு வருசமாக இந்த நாட்டின் ஆராய்ச்சி முழுவதும் அந்தக் கோட்டில்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

கலெக்டரிலிருந்து தொடங்குகிறேன். திரமென்ஹீர் 1891இல் எழுதிய செங்கல்பட்டுப் பறையர் பற்றிய குறிப்பை நம் இயக்கத் தோழர்கள் பஞ்சமி நிலத்துக்காகப் படித்திருக்கிறார்கள். அதன்மேல்தான் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை 1010 வந்தது. 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் சொல்லும் நிலத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அந்த நிலத்தில் கை வைத்தவர்களை எதிர்த்துப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். இதெல்லாம் இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது அந்தக் குறிப்பில் உள்ள வேறொரு விசயம். சேரிக்காரன் குடிசை போட்டிருக்கும் மனையே அவனுடையதல்ல, மிராசுதாருடையது என்பதை அந்தக் கலெக்டர் கண்டுகொண்டார். எதிர்த்துப் பேசினால், வேறு ஆண்டையிடம் வேலைக்குப் போனால், மனையை விட்டுக் கிளம்ப வேண்டும். படியாளைக் கட்டிப்போட்ட கயிறு கடன் மட்டுமல்ல, காலடி மண்ணும்தான். இந்த மனை விசயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் ஒரு சாவில் இது வரும்.

அடுத்து வந்தவர்கள் மாணவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து விடுமுறையில் கிராமங்களுக்கு அனுப்பினார். 1918இல் புத்தகமாக வந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்கு 1930களிலும் 1980களிலும் 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள் என்றால் அந்த 1916 ஏடுதான் காரணம். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் 1916இல் சென்னையில் கல்லூரிக்குப் போனவர் யார்? அதே ஆண்டு டிசம்பரில் வந்த பிராமணரல்லாதார் அறிக்கையே பட்டதாரிக் கணக்கைத்தான் எடுத்து வைத்துச் சண்டை போட்டது. அந்தக் கணக்கில் பிராமணரல்லாதாருக்கே இடம் போதவில்லை என்றால் சேரிக்கு ஏது இடம்? கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்கப்போன பிள்ளை, கூலி கொடுக்கிற வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கும். பதில் சொன்னவர் எங்கே நின்றிருப்பார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி நோய்க்கு வருகிறேன்.

1946இல் போர் கமிட்டி கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. நாட்டில் காசநோயாளிகள் 25 லட்சம். வருசத்துக்குச் சாவு 5 லட்சம். படுக்கைகள் சுமார் 6,000. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் இது வைத்தியக் கணக்கல்ல, பொருளாதாரக் கணக்கு என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அன்றைக்குக் காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, கறி. 1928இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் டாக்டர் சவரிமுத்து தொடங்கியது அப்படி ஒரு இடம்தான். பின்னால் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கும் அந்த ரயில் நிலையத்துக்கு அதுதான் பேர். எலும்புருக்கி வந்தவர்களில் வசதி உள்ளவர் அங்கே போவார். இல்லாதவர் திண்ணையில் தனித் தட்டு, தனிக் குவளையோடு உருகிப் போவார். நமக்குத் தனிக் குவளை புதுசில்லை. ஆனால் சொந்த வீட்டுக்குள்ளேயே தனிக் குவளை வைத்தது இந்த நோய்தான்.

1956இல் சேத்துப்பட்டு ஸ்பர்டேங்க் சாலையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தியது. (இப்போது அதன் பேர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.) தலைமை ஏற்றவர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி நேரானது. மாத்திரை இப்போது வந்துவிட்டது. அப்படியானால் சானடோரியம் இன்னும் வேண்டுமா? சென்னை நகரத்து ஏழை நோயாளிகள், இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவு, சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறுபாதி அவரவர் வீட்டுக்கு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பாஸும், ஒரு வருசம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும். வீட்டில் இருந்தவர்களுக்கு அதே ஒற்றை அறை, அதே புகை, அதே அரைவயிறு. பலர் வேலைக்கும் போனார்கள். வாரம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப் போக வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் வந்து மாத்திரையை எண்ணுவார்கள். மூத்திரத்தைச் சோதித்து, விழுங்கினாரா இல்லையா என்று பார்ப்பார்கள்.

1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. சானடோரியங்களுக்கு இருந்த கடைசி நியாயமும் போயிற்று. 1966இல் வந்த இன்னொரு கட்டுரை அதைவிட முக்கியம் என்பேன். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக நோய் ஒட்டிவிடவில்லை என்று ஐந்து வருசம் பார்த்துச் சொன்னார்கள். தனிக் குவளைக்கு வைத்தியத்தில் இடமில்லை என்றாகிவிட்டது.

இந்த ஆய்வைக் கண்டனம் செய்வது சுலபம். ஏழைகளை வைத்துச் சோதனை செய்தார்கள் என்று எழுதிவிட்டால் நாலு பேர் கைதட்டுவார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. கைப்பிள்ளையோடு ஒரு கூலிக்காரப் பெண் ஒரு வருசம் சானடோரியத்தில் போய்ப் படுக்க முடியுமா? வீட்டிலிருந்தே பிழைக்கலாம் என்று நிரூபித்தது எத்தனை உயிரைக் காத்திருக்கும். 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் மாவட்டம் மாவட்டமாகப் போனதற்கு இந்தச் சேத்துப்பட்டு ஏடுதான் அடிப்படை. படுக்கை இல்லாத நாட்டில் அது இல்லாமல் வேறு வழியும் இல்லை.

தகராறு அடுத்த அடியில் இருக்கிறது. 1961இல் அதே மையம் உணவைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. சானடோரியத்துக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு. எடையும் அவர்களுக்கே நன்றாகக் கூடியது. ஆனால் சளியில் கிருமி மறைவதற்கு அந்தச் சாப்பாடு காரணமாகத் தெரியவில்லை. மருந்து சரியாகப் போனால் கிருமி சாகிறது. கட்டுரை சொன்னது இவ்வளவுதான், இதில் பொய்யும் இல்லை. கிருமி சாவதற்குச் சோறு அவசியமில்லை என்று டாக்டர்கள் எழுதினார்கள். கஜானாவைக் காக்கிறவர்கள் அதை, நோயாளிக்கே சோறு அவசியமில்லை என்று படித்துக்கொண்டார்கள். மாத்திரை திட்டத்துக்குள் வந்தது, சோறு திட்டத்துக்கு வெளியே போனது. கிட்டத்தட்ட அறுபது வருசம் வெளியிலேயே நின்றது.

இன்னொன்றும் அங்கே நடந்தது. பாஸ் என்ற மருந்து விலை அதிகம். நாளுக்குப் பல கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். ஐசோனியாசிட் மலிவு. மலிவானதை மட்டும் கொடுத்தால் போதுமா என்று 1960இல் வெளியான அடுத்த ஆய்வு பார்த்தது. போதவில்லை. குணமானவர் தொகை குறைந்தது. தோற்ற இடத்தில் மருந்துக்கு மசியாத கிருமி வளர்ந்தது. இரண்டு மருந்து சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது பிரிட்டனில் அதற்குள் பழக்கமாகிவிட்ட விசயம். லண்டன் நோயாளி ஒருவரிடம், உங்களுக்கு ஒன்றே போதுமா பார்ப்போம் என்று கேட்டிருப்பார்களா? இதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. ஏழை நாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் புறப்பட்டவர்களின் கேள்வியே 'எவ்வளவு இருந்தால் போதும்' என்று குறுகிப் போனதற்கு இது அத்தாட்சி. அதற்கப்புறம் பாஸுக்குப் பதில் மலிவான தயாசெட்டசோன் வந்தது. 1964இல் சென்னையிலேயே வாரம் இரண்டு நாள் மருந்தைக் கண்முன் விழுங்கவைக்கும் முறை வந்தது. அந்த வழியில் வந்த வாரம் மூன்று நாள் மாத்திரை 2017 வரைக்கும் இந்தியத் திட்டத்தில் ஓடியது. உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போன பிறகுதான் தினசரி மாத்திரைக்கு மாறினார்கள். எவ்வளவு போதும், எவ்வளவு போதும் என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள், இந்த மனிதருக்கு ஏன் வந்தது என்ற கேள்வியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

கேட்டவர்களே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெங்களூரில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிலையத்தில் டி. பானர்ஜி என்ற மருத்துவர் மானிடவியலும் படித்தவர். அவரும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர்ப் பக்கத்துக் கிராமங்களில் போய்ப் பார்த்து 1963இல் எழுதினார்கள். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு ஏதோ கோளாறு என்று தெரிந்து வைத்திருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தார்கள். போனவர்களை இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். 'சனங்களுக்கு அறியாமை' என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் படிக்க வேண்டிய கட்டுரை அது. படிக்க மாட்டார்கள்.

இப்போது எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1968க்கும் 1971க்கும் இடையில் திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசிக்கு உலகத்திலேயே பெரிய சோதனை நடந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பி.சி.ஜி. இங்கே புதுசில்லை. 1948இலேயே மதனப்பள்ளியில் தொடங்கியது, கிண்டியில் ஊசி மருந்து தயாரானது. 1955இல் ராஜாஜி அதை எதிர்த்து எழுதினார். (சேரியில் எது நடந்தாலும் அவருக்கு ஒரு கருத்து இருக்கும், விடுங்கள்.) அந்த ஊசி உண்மையிலேயே காப்பாற்றுகிறதா என்று ஒருதரம் திட்டமாகப் பார்த்துவிட வேண்டும் என்பதே சோதனையின் நோக்கம். முதலில் கையில் சின்ன ஊசி. மூன்றாம் நாள் வீக்கத்தை அளப்பார்கள். பெரியவர்களுக்கு நெஞ்சுப் படம். மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு வெறும் ஊசி, மற்றவர்களுக்கு இரண்டு அளவில் மருந்து ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

எங்கள் ஆயா அந்த வரிசையில் நின்றவர். ஆய்வுக்காக நான் முதலில் பதிவு செய்தது அவர் பேச்சைத்தான். "ஜீப்புல வந்தாங்க கண்ணு. பேரு, வயசு எல்லாம் எழுதிக்கினாங்க. கைல துளியூண்டு ஊசி. மூணாம் நாளு வந்து ஸ்கேலு வெச்சு அளந்தாங்க. கையப் புடிச்சு, இப்பிடித் திருப்பி, அளந்தாங்க. ஊருக்காரன் ஒருத்தன் அன்னைக்கு எங்க கையத் தொட்டிருப்பானா? எங்கம்மா வூட்டுக்கு வந்து அளுதுச்சு, தொட்டாங்கடீன்னு." இதை எந்த மருத்துவ ஏட்டில் எழுதுவார்கள்? மில்லிமீட்டர் எழுதிய அந்தக் கைகள் ஒரு தீட்டையும் உடைத்துவிட்டுப் போயின. வரலாறு எழுதுகிறவள் என்ற முறையில் இரண்டையும் எழுத எனக்குக் கடமை இருக்கிறது.

1979இல் முதல் முடிவு வந்தது. ஏழரை வருசம் தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. 1999இல் பதினைந்து வருசக் கணக்கு வெளியானபோதும் அதே கதைதான். குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோய் போன்ற கொடிய வகைகளிலிருந்து பாதுகாப்புத் தருகிறது என்பதால் பிறந்த பிள்ளைகளுக்கு இன்றும் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் நெஞ்சை அது காக்கவில்லை. ஏன் என்பதற்கு விஞ்ஞானிகள் பல காரணம் யோசித்தார்கள். மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள வேறு கிருமிகள், இந்தப் பக்கத்துக் காசநோய்க் கிருமியின் தன்மை, இப்படி. எல்லாம் யோசிக்க வேண்டியவைதான். மண்ணில் உள்ள கிருமியை யோசித்தவர்கள், மண் யார் பேரில் இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை. அது அவர்கள் துறையல்ல.

ஆயாவிடம் போய்ச் சொன்னேன், ஆயா, அந்த ஊசி வேலை செய்யலையாம். கொஞ்ச நேரம் பாக்கை மென்றுகொண்டு இருந்தார். "அத்தினி பேருக்கு ஊசி போட்டதுக்கு அத்தினி பேருக்கும் சோறு போட்டுப் பாத்திருக்கலாம்" என்றார். சோதனையில் மூன்று பிரிவு இருந்தது. எங்கள் ஆயா நாலாவது பிரிவு ஒன்றைச் சொன்னார்.

என் பெரியப்பா டி.பி.யில் செத்தது 1974இல். படியாள். ரத்தம் கக்கிய பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை இலவசம். மாதம் ஒரு தடவை போய் வாங்க வேண்டும். ரெண்டு மாசம் போனார். மூன்றாம் மாசம் நடவு. "மாத்திர சும்மா குடுத்தாங்க. பஸ்ஸு சும்மா வுடுவானா? அன்னைய கூலிய யாரு குடுப்பா?" என்பார் ஆயா. கூலிகூடப் போகட்டும். நடவு நேரத்தில் ஒரு நாள் வராவிட்டால் மனையைக் காலி பண்ணு என்று ஆண்டை ஆள் அனுப்பியிருக்கிறார். குடிசை நின்றது ஆண்டை மனையில். 1891இல் கலெக்டர் எழுதி வைத்த அதே கயிறு. 1971இலேயே குடியிருப்பு மனையை அதில் இருப்பவனுக்கே சொந்தமாக்கும் சட்டம் இந்த மாநிலத்தில் வந்துவிட்டது. சட்டம் வந்தது எங்கள் சேரிக்குத் தெரியாது. ஆண்டைக்குத் தெரிந்திருக்கும். பெரியப்பா நடவுக்குப் போனார். மாத்திரை நின்றது. அறுப்புக்கு அவர் இல்லை.

இந்த மாதிரி மாத்திரையை விட்டவர்களுக்குத் திட்டத்தில் ஒரு பேர் வைத்திருந்தார்கள்: டிஃபால்ட்டர். வங்கியில் வாங்கிய கடனைக் கட்டாதவனுக்கும் அதே பேர்தான். அந்தச் சொல்லை உலக சுகாதார நிறுவனம் 2013இல்தான் கைவிட்டது. ஆய்வுக் கட்டுரைகளில் டிஃபால்ட்டர் ஏன் ஆகிறார்கள் என்று பட்டியல் போடுவார்கள். குடி, வேலை தேடி ஊர் மாறுவது, மருந்தின் பக்க விளைவு, நோய் தணிந்ததும் அக்கறை இல்லாமை. மனைப் பட்டா என்று ஒரு வரியை நான் தேடிப் படித்த ஏடுகளில் பார்க்கவில்லை. என் ஆய்வில் ஒரு அத்தியாயத்தை இதற்காகவே எழுதினேன். யார் மனையில் குடியிருந்தார், யாரிடம் வேலை செய்தார், எந்த மாசம் மாத்திரை நின்றது. நடவும் அறுப்பும் வருகிற மாசங்களில் மாத்திரை நின்றதாகத்தான் எனக்குப் பேச்சுக் கொடுத்த குடும்பங்களில் பலர் சொன்னார்கள். குடும்பங்கள் குறைவு, இதை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இது என்பதற்கு அது போதும்.

சேத்துப்பட்டு மையமே 1990களில் பணக் கணக்கைக் கையில் எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1999இல் வெளியான அவர்களின் ஆய்வில், காசநோய் வந்தவருக்குச் சராசரியாக மூன்று மாசக் கூலி போகிறது. நோயாளி வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் 11 சதவீதம் படிப்பை நிறுத்திவிடுகிறது. மருந்து இலவசமான நாட்டில் இது. நோய் வந்தால் என்ன செலவு என்று கேட்டார்கள். நல்லது. இல்லாமையால் என்ன நோய் என்பது இன்னும் பாக்கி இருந்தது.

அதற்குப் பதில் சோதனை ரூபத்தில் வர 2023 ஆயிற்று. ஜார்க்கண்டில் நாலு மாவட்டத்தில், 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாத்திரையோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள். ஒரு பிரிவு வீடுகளில் மட்டும் மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அவ்வளவுதான். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, நுரையீரல் காசநோய் மட்டும் பார்த்தால் 48 சதவீதம். நோயாளிகளில் முதல் இரண்டு மாசத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாவின் ஆபத்து சுமார் 60 சதவீதம் குறைவு. நடத்தியவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முதலான மருத்துவர்கள். சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் உண்டு. 1961இல் எடை கூடியதைப் பார்த்துவிட்டு, கிருமிக்கு இது சம்பந்தமில்லை என்று எழுதிய அதே இடம். அரிசியும் பருப்பும் எங்கள் பக்கத்து இரண்டரை லட்சம் பேர் மீது 1968இல் சோதிக்கப்பட்டிருந்தால் என்ன முடிவு வந்திருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆயா சொல்லிவிட்டார்.

அரசாங்கமும் அசையாமல் இல்லை. 2018இல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுப் பணம் வந்தது, 2024 நவம்பரிலிருந்து அது 1,000. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் நோய் கண்டுபிடித்த அன்றே எடையையும் உயரத்தையும் பார்க்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறதா, ஆள் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். மிகவும் வற்றிப் போனவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். 1959இல் படுக்கையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய ஊரில், 2022இல் பட்டினிக்காரரை வீட்டிலிருந்து படுக்கைக்குக் கூப்பிடுகிறார்கள். இரண்டுமே அந்தந்தக் காலத்துக்குச் சரிதான் என்பது என் எண்ணம். ஆனால் வற்றிப் போகுமுன் யாரும் எடை பார்ப்பதில்லை. சாதி வாரியாகப் பார்ப்பதோ அதிலும் அபூர்வம். தேசியக் குடும்ப நல ஆய்வுகளில் காசநோய்க் கேள்வியைச் சாதி வாரியாகப் பிரித்துப் பார்த்தால் பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளில் நோய் அதிகம் என்று வருகிறது. மத்தியப் பிரதேசத்துச் சகாரியா பழங்குடிகளிடம் எடுத்த ஆய்வில் லட்சம் பேருக்கு 1,500க்கும் மேல் நோயாளிகள். கிருமிக்குச் சாதி தெரியாது என்று சிரித்த பேராசிரியருக்கு இந்த எண்களை அனுப்பி வைத்தேன். பதில் இல்லை.

பட்டம் வாங்கியாயிற்று. ஆய்வேடு எங்கோ ஒரு நூலகத்தில் இருக்கிறது. வேலை முடியவில்லை. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இன்று எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்கிற நம் பிள்ளைகள் பலர் ஆய்வுத் தலைப்பு கேட்டு எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிராம நிர்வாக அலுவலகத்தில் உங்கள் ஊர் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். டி.சி. நிலம் என்று எந்தெந்தப் புல எண்ணில் இருந்தது, இப்போது யார் பேரில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சேரிக்குள் வீடு வீடாகப் போங்கள். மனை யார் பேரில் இருந்தது, வருசத்தில் எத்தனை நாள் வேலை, ஐப்பசி கார்த்திகையில் எத்தனை வேளை அடுப்பு எரிந்தது, யார் இருமிச் செத்தார்கள், எந்த வருசம், எந்த மாசம் என்று கேளுங்கள். ஜீப்பு வந்த கதையையும் கேளுங்கள். 1968இல் வரிசையில் நின்ற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் அப்படி இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவருக்குக் காது கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்க வேண்டும்.